ரவியின் பள்ளிக்கூடம்

ஓ. வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாச'த்தைப் (1969) பற்றிப் பேசுகிற நண்பர்கள் ரவியின் பாவ உணர்வில் ஆரம்பித்து அவனுடைய அந்நியமாதலில் முடித்துவிடுகிறார்கள். அவன் அங்கே எதற்குப் போனான் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. ஓராசிரியர் பள்ளி நடத்தப் போனான்.

பாலக்காட்டுப் பக்கம் தஸ்ராக்கில், 1956இல், அப்படியொரு பள்ளியில் விஜயனின் சகோதரி வேலை பார்த்தார். அங்கே போய்த் தங்கியதில் முளைத்த நாவல் இது. எனக்கு அதன் உயிர் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. ஓத்துப்பள்ளி நடத்தும் மொல்லாக்கா புதுப் பள்ளியை எதிர்க்கிறார், ஊர் இரண்டுபடுகிறது. பிறகு அதே மொல்லாக்கா, வயிற்றுப்பாட்டுக்காக, அந்தப் பள்ளியையே கூட்டிப் பெருக்க வருகிறார். சர்க்கார் படிப்பு ஊருக்குள் நுழைந்த விதத்தை இந்த விளக்குமாறு சொன்ன அளவுக்கு நம் சீர்திருத்த நாவல்கள் சொன்னதில்லை. (நம்மவர்களின் கிராமத்து வாத்தியார் ஒன்று தியாகி, இல்லையேல் கோமாளி.) வயது ஏறியும் குழந்தையாகவே நின்றுவிட்ட அப்புக்கிளிக்கும் அங்கே இடம் கிடைக்கிறது.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கடைசியில் ரவி கிளம்பிவிடுகிறான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பாம்பு, மழை. நாவல் அவனோடு போய்விடுகிறது. ஓராசிரியர் பள்ளியில் வாத்தியார் போனால் பள்ளியே போயிற்று. நான் படித்ததும் அப்படியொன்றில்தான். மூன்றாம் வகுப்பில் எங்கள் வாத்தியார் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வரும்வரை தினமும் சிலேட்டோடு போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் எழுந்து வீட்டுக்கு வருவோம்.