தேசிய வாத்தியக் குழுவும் தோட்டத்துத் தப்பும்

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் வாங்கித் தருவன ஆண்டில் சில வாரங்களே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவமழை மலைத்தொடரின் மறுபக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிட, பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பகுதிகளில் வறண்ட காற்று வீசுகிறது. கொழுந்தில் அந்தப் புகழ்பெற்ற மணம் ஏறுகிறது. ஏறக்குறைய இதே வாரங்களில்தான் லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் ‘புறொம்ஸ்’ எனப்படும் கோடைச் சங்கீத விழாவும் நடைபெறுகிறது. 1895இல் தொடங்கிய விழா அது. சாமானியரும் மலிவான சீட்டு வாங்கி நின்றுகொண்டே சிம்பனி கேட்கலாம் என்பது அதன் பழைய பெருமை. இடைவேளையில் அங்கே அருந்தப்படும் தேநீரில் ஊவாவின் பங்கு எவ்வளவு என்று நாம் கணக்கெடுக்கப் போவதில்லை. அந்த விழா மேடையில் ஆண்டுதோறும் ஏறும் ஒரு குழுவைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

பிரித்தானியாவின் தேசிய இளைஞர் வாத்தியக் குழுவில் பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் நூற்றைம்பது பேருக்கு மேல் வாசிக்கின்றனர். பெரியவர்களின் சிம்பனிக் குழுக்களே இவ்வளவு பெரியவை அல்ல. ரூத் ரெயில்டன் என்னும் பெண்மணி அதை நிறுவிய ஆண்டு 1948. அந்த ஆண்டை நமது மலைநாட்டு வாசகர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு தேசம் தன் பிள்ளைகளை வாத்தியங்களோடு ஒன்றுகூட்டித் ‘தேசிய’ என்ற அடைமொழியைச் சூட்டிய அதே ஆண்டில், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளைத் தேசத்துக்கு வெளியே நிறுத்தியது. இரண்டு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் ‘தேசிய இளைஞர்’ என்ற சொற்றொடரை ஊவாவில் நின்று உச்சரிப்பவன் இவ்விரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டியவனாகிறான். இழந்த உரிமையை முழுமையாகத் திருப்பித் தருவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

முற்போக்கு நண்பர்கள் நடுவே இளைஞர் வாத்தியக் குழு என்ற கருத்துக்கு மவுசு வந்தது லண்டனால் அன்று, வெனிசுவேலாவால். 1975இல் அப்ரேயு தொடங்கிய இசைக் கல்வி இயக்கத்தின் தலைமைக் குழு, சிமோன் பொலிவார் பெயர் தாங்கிய இளைஞர் குழு, 2007 ஆகஸ்ட் 19இல் இதே விழாவில் வாசித்தது. நடத்தியவர் குஸ்தாவோ டுடமெல். எடுத்துக்கொண்ட பெரும் படைப்பு ஷொஸ்தகோவிச்சின் பத்தாவது சிம்பனி; ஸ்டாலின் மறைந்த 1953ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முதல் அரங்கேறியது. அதன் இரண்டாவது பகுதி நான்கே நிமிடம் ஓடும் ஒரு புயல். அதை அந்தப் பிள்ளைகள் வாசித்த வேகத்தையும், ஒருவர் வில்லுக்கும் மற்றவர் வில்லுக்கும் இடையே தவறாத கட்டுப்பாட்டையும் ஒளிப்பதிவில் பார்த்த எவரும் மறுக்க முடியாது. கச்சேரியின் இறுதியில் தேசக் கொடியின் நிறங்களில் மேற்சட்டை அணிந்து, எழுந்து ஆடி, வாத்தியங்களைச் சுழற்றிக் காட்டினார்கள். மண்டபம் அதிர்ந்தது. நமக்கு ஷொஸ்தகோவிச் போதும். அந்தச் சுழற்றல் இல்லாமலே அவர்கள் வென்றுவிட்டிருந்தார்கள்.

மறுநாள் முதல் பரவிய கதை வேறு: பீத்தோவன் சேரிப் பிள்ளைகளைக் கரையேற்றினார் என்பது அந்தக் கதை. கதையை நம்பியவர்களில் நம்மவரும் உண்டு. ஜெஃப்ரி பேக்கர் என்னும் ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட நூல் இதைக் கடுமையாகச் சோதித்தது. குழுவில் இருந்தோர் பெரும்பாலும் பரம ஏழைகள்தாமா என்று அவர் கேட்டார்; ஒருவர் கோலை அசைக்க நூறு பேர் கீழ்ப்படிவதை விடுதலைக் கல்வி என்று அழைக்கலாமா என்றும் கேட்டார். இக்கேள்விகளை நாம் ஏற்கிறோம். ஆனால் ஓர் அரசு, பல்லாயிரம் பிள்ளைகளின் கையில் வாத்தியத்தைக் கொடுத்து, பாடசாலை முடிந்த பிற்பகல்களில் சொல்லிக்கொடுக்க ஆசிரியரையும் அமர்த்தியது என்ற உண்மை அதனால் பொய்யாகிவிடவில்லை. கதையை விட்டுவிட்டு இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்வதே நமக்கு உகந்தது.

இப்போது பதுளைக்கு வருவோம். இத்தகைய குழு ஒன்றை நமது தோட்டப் பிள்ளைகளுக்கும் அமைக்கலாகாதா என்று கேட்கிற நல்லெண்ணம் படைத்தோர் உளர். அவர்களுடைய கேள்வியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. லயத்தில் சங்கீதம் இல்லை, வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதே அது. மாசி மாதத்தில் ஒரு தோட்டத்துக்குச் சென்றவர் இப்படி நினைக்க மாட்டார். காமன் கூத்துக்காகக் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து இளைஞர்கள் கூடுகிறார்கள். பகலெல்லாம் மலையில் வேலை செய்தவர்கள் இரவில் வாத்தியாரின் முன் நின்று பாட்டும் அடவும் பழகுகிறார்கள். ரதியாக ஆடுபவன் ஓர் ஆண்பிள்ளை. தப்புக்காரர் சிவனின் வருகைக்கு ஓர் அடி, மதன் எரியும் கட்டத்துக்கு ஓர் அடி என்று மாற்றி மாற்றி முழக்குகிறார்கள். ஏட்டில் ஸ்வரம் எழுதி வைத்துப் பழகவில்லை என்பதைத் தவிர, இளைஞர் குழுவுக்கு வேண்டிய ஒத்திகையில் இங்கு என்ன குறை?

தப்பின் நிலையை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி, மறு கையில் தடித்த குறுங்குச்சி. நமுனுகுல மலையிலிருந்து இறங்கும் பனி தோலைத் தளர்த்திவிடும். ஆகவே வாசிப்பதற்கு முன் தீ மூட்டிக் காய்ச்சிச் சுருதி ஏற்றுகிறார்கள். வயலின்காரன் முறுக்காணியைத் திருப்புவதற்கு இது எவ்விதத்திலும் தாழ்ந்த காரியமன்று. இதே தப்பை வெள்ளைத்துரை விடியுமுன் அடிக்கச் செய்தான். தொழிலாளியை எழுப்பிப் பெரட்டுக்களத்தில் நிறுத்துவதற்கு அது சங்கொலி ஆயிற்று. 1947இல் தலவாக்கலைப் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவரும் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தவருமான ஸி. வி. வேலுப்பிள்ளை இந்த முழக்கத்தைத் தமது எழுத்தில் அழியாமல் பதித்திருக்கிறார். துரையின் கட்டளை ஒரு பக்கம். மறுபக்கம் நமது சொந்தச் சாதி வழக்கம். ‘தப்படிப்பது இன்னாரின் கடமை’ என்று விதித்து, சாவீட்டுக்கு அழைத்து, முற்றத்துக்கு அப்பால் நிறுத்திக் கூலி கொடுத்தது துரை அன்று, நாமேதான். தப்பைத் தொடக்கூடாது என்று தன் மகனைத் தடுக்கிற தகப்பனை நாம் கலையுணர்வற்றவன் என்று பழிக்கலாகாது. அவன் அந்த முற்றத்தை மறக்கவில்லை.

ஆகவே ‘நமது பாரம்பரியம்’ என்று தப்பை மேடையில் ஏற்றிவிட்டால் கடன் தீர்ந்தது என எண்ணுவோரிடமும் நமக்கு உடன்பாடில்லை. பல இரவுகளின் கூத்தைப் பத்து நிமிடமாக நறுக்கி, அமைச்சர் வருகைக்கும் பரிசளிப்புக்கும் நடுவே ‘நாட்டார் நிகழ்ச்சி’ என ஓட்டிவிடும் விழாக்களில் பிள்ளைகள் கற்பதெல்லாம் கைகூப்பி நிற்கத்தான்.

நமது பாடசாலைகளில் நிலைமை என்ன? அழகியற் பாடங்களுள் கர்நாடக சங்கீதம் உண்டு, கீழைத்தேய சங்கீதம் உண்டு, மேலைச் சங்கீதமும் உண்டு. தோட்டத்து மாணவனுக்குக் கிடைப்பது, ஆசிரியர் கிடைத்தால், முதலாவதே. கர்நாடக சங்கீதத்தின் மீது நமக்குப் பகையில்லை. ஊவாவின் பிள்ளைக்குத் தோடியும் உரியதுதான், ஷொஸ்தகோவிச்சும் உரியவர்தான். ஆனால் ஸரளி வரிசை பாடுகிற மாணவி, வீட்டில் தன் பாட்டி பாடும் தாலாட்டைச் ‘சங்கீதம்’ என்று சொல்லக் கூசுகிறாள் எனில், அக்கூச்சத்தைக் கற்பித்தவர்கள் யார்? ஆசிரிய நண்பர்கள் கோபிக்க மாட்டார்கள் என நம்புகிறோம். நம்மில் பலர் லயத்திலிருந்து படித்து மேலேறியவர்கள். ஏறும்போது சில ஒலிகளைக் கீழேயே விட்டுவிட்டு வந்தோம்.

அண்டையில் ஒரு முன்மாதிரி இருந்தது. எம். பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். விலையுயர்ந்த வாத்தியம் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை, குரல்களே வாத்தியம். தொழில்முறைப் பாடகரல்லாத இளைஞரைக் கொண்டு, பாரதி பாடல்களையும் பல மொழிப் பாடல்களையும் பல குரல் இசைவில் பாடச் செய்தார். திரையிசையில் பெயர் பெற்றவர், சினிமாத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர் அவர். ஒரு குழுவின் குரல் எப்படி அமைகிறது என்பது அவருக்குச் சங்கத்திலும் தெரிந்திருந்தது. அந்த முறையை மலைநாட்டுப் பாடல்களில் சோதித்துப் பார்க்கத் தடை என்ன? கும்மியும் தெம்மாங்கும் பல குரலுக்கு இடம் கொடுப்பவை. ஒப்பாரியையும் மேடைக்குக் கொண்டுவருவதா என்பதில் நமக்குத் தயக்கம் உண்டு.

பெண்பிள்ளைகள் சங்கதி இங்கேதான் குறுக்கிடுகிறது. லண்டன் குழுவிலும் கராகஸ் குழுவிலும் சிறுமிகள் பக்கத்துக்குப் பக்கம் அமர்ந்து வாசிக்கிறார்கள். தோட்டத்தில் கொழுந்துக் கூடை பெண்ணின் தலையில். தப்போ ஆணின் கையில். காமன் கூத்தில் ரதியின் இடமும் அவளுக்கில்லை. தமிழகத்தில் கடந்த சில பத்தாண்டுகளில் பெண்கள் பறையை எடுத்து வீதியில் முழக்குகிறார்கள். சாதி விதித்த கடமையைத் தானே விரும்பி ஏற்கும் கலையாக மாற்றும் அந்த முயற்சியைப் பசறையிலும் லுணுகலையிலும் உள்ள மாணவிகள் அறிந்தால் என்ன செய்வார்கள் என்று காண நமக்கு ஆவல்.

இத்தகைய குழு பதுளையில் அமையுமானால் முதற் சிக்கல் சில்லறையானதாகவே இருக்கும். ஒத்திகைக்கு ஏற்ற நேரம் பிற்பகல். பல தோட்டங்களுக்குச் செல்லும் பஸ் அதற்குள் போய்விடும். மண்டபத்தில் தீ மூட்டவும் விடமாட்டார்கள். வெளியே, படிக்கட்டின் அருகில், சருகு கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டு சில பிள்ளைகள் நிற்பார்கள். உள்ளே வயலின்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். கதவைத் திறந்து வைக்க ஓர் ஆசிரியர் வேண்டும்.