கொம்புச் சுழியும் குதிரை முட்டையும்

எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று வாரமாக ஒரு சாம்பல் பூசணிக்காய் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கூட்டுக்கு அறுக்க யாரும் விடுவதில்லை. கேட்டால் அது பூசணிக்காயே இல்லையாம், குதிரை முட்டையாம். சின்னவன் அதன்மேல் கரித்துண்டால் 'தொடாதீங்க, குட்டி உள்ளே இருக்கு' என்று எழுதி வைத்திருக்கிறான். தபால்காரர்கூட அதைச் சுற்றித்தான் நடக்கிறார்.

எல்லாம் பரமார்த்த குருவின் கதையால் வந்தது. இந்தக் கோடை முழுக்க எங்கள் வீடு புத்தகத்தில் மிதக்கிறது. இத்தனை சந்தோஷமான ஒரு சித்திரை வைகாசியை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே மண்பானைத் தண்ணீர், நன்னாரி சர்பத், வெட்டி வைத்த நுங்கு, நடுவில் விரித்த கோரைப்பாய், பாயில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஒரே புத்தகம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். அவ்வளவுதான் ஏற்பாடு. அதில் இருக்கும் ருசியை எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்!

ஈஸ்டர் பாஸ்கா நாடகம் முடிந்து, தேரும் நிலைக்கு வந்து, பிள்ளைகளுக்குப் பரீட்சையும் ஓய்ந்த மறுநாள் மத்தியானம்தான் ஆரம்பித்தோம். முதலில் எதைப் படிப்பது என்ற கேள்வியே எழவில்லை. ஆவூரில் இருந்துகொண்டு வீரமாமுனிவரை விட்டுவிட்டு வேறு யாரிடம் போய்த் தொடங்குவது? பூசே சாமியார் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கால்வைத்த ஊர் இது. இப்போது நிற்கும் பெரியநாயகி மாதா கோயில் 1747இல் கட்டியது. இதே பங்கில் பணியாற்றியவர்தான் 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர். ஞாயிறு பூசைக்குப் போகிறபோதெல்லாம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்ட பெயர். ஆனால் அவர் எழுதியதை வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தது இதுதான் முதல் தடவை. 'தேம்பாவணி' பாடினவர் என்றால் பிள்ளைகள் கும்பிட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். 'பரமார்த்த குருவின் கதை' எழுதினவர் என்றால் மடியில் வந்து ஏறிக்கொள்கிறார்கள்.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். குருவின் சீடர்களுடைய இந்த ஐந்து பெயரைச் சொன்னதுமே எங்கள் பாய் குலுங்க ஆரம்பித்தது. ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான் ஒரு சீடன். புஸ்ஸென்று புகை எழுகிறது. ஐயோ, ஆறு முழித்துக்கொண்டது என்று அலறி ஓடுகிறான். சின்னவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். பிறகு ஆற்றைக் கடந்ததும் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஆறு பேரில் ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி. என் மாமியார், அதாவது பிள்ளைகளுடைய அப்பாயி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாவம்டா, நல்ல பிள்ளைகளா இருக்காங்க" என்றார். எனக்கு அந்தச் சொல் மனசுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. உண்மையிலேயே அந்தச் சீடர்கள் நல்ல பிள்ளைகள். குருவின்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். முட்டாள்தனத்தைச் சொல்லிச் சிரிக்கவைக்கும்போதும் முட்டாளை வெறுக்கவைக்காத கை வீரமாமுனிவருடையது.

இன்னொன்றையும் வாய்விட்டுப் படித்தபோதுதான் கண்டுகொண்டேன். அந்த உரைநடைக்கு நாக்கில் நல்ல ஓட்டம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பாதிரிமார்கள் மக்கள் பேசும் தமிழைப் பழக வேண்டும் என்று எழுதிய கதை அது, லத்தீன் மொழிபெயர்ப்போடு. பிறகு 1822இல் பாபிங்டன் என்பவர் இங்கிலீஷில் பெயர்த்து லண்டனிலேயே அச்சிட்டார். லண்டன்காரர்கள் சிரித்த கதைக்கு இருநூறு வருஷம் கழித்து எங்கள் திண்ணை சிரிக்கிறது.

குதிரைமேலிருந்து விழுவதையெல்லாம் எடுக்கச் சொல்லிக் குரு ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கும் கதையை மட்டும் நான்கு தடவை படித்தோம். கடைசியில் குருவே விழுந்துவிடுகிறார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. அதனால் தூக்க மாட்டோம் என்கிறார்கள்! நான்காவது தடவையும் அதே இடத்தில் அதே சிரிப்பு.

பெரியவள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளுக்குப் பிடித்தது வேறு. வீரமாமுனிவர் எழுத்தையே திருத்தினார் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறாள், மதிப்பெண்ணுக்காக. இந்த முறை ஓலையில் எழுதுவது எப்படி என்று நான் விளக்கி, ஒரு பனையோலைத் துண்டையும் கையில் கொடுத்தேன். அந்தக் காலத்தில் எகரம் குறிலா நெடிலா என்று புள்ளியால்தான் பிரித்தார்கள். கொம்பின்மேல் புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலரும் புள்ளியையே விட்டுவிடுவார்கள். அப்புறம் 'பெய்' என்பதா 'பேய்' என்பதா, படிப்பவர்தான் யூகித்துக்கொள்ள வேண்டும். ஆணியை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஓலை கிழிந்தது. "அம்மா! அப்ப இந்த இரட்டைக் கொம்பு நம்ம கோயில் சாமியார் வச்சதா?" என்று கத்தினாள் பாருங்கள், அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நெடிலுக்கு வீரமாமுனிவர் வைத்த அடையாளம் அதுதான்: கொம்பின் தலையில் ஒரு சுழி, ஓகாரத்தின் காலில் ஒரு சுழி. தன் பெயரில் வரும் ஏகாரத்தை அவள் அன்றிலிருந்து தனியாக அழுத்தி எழுதுகிறாள்.

இது எங்கள் ஊர்ப் பெருமை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் புதுக்கோட்டை மாவட்டமே பிள்ளைகளுக்கு எழுதினவர்களின் மாவட்டம். ராயவரத்தில் 1922இல் பிறந்தார் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. அதே ஆண்டு பெருங்களூரில் பிறந்தார் அகிலன், தமிழுக்கு முதல் ஞானபீடம் வாங்கித் தந்தவர். அரிமளத்தில் பிறந்தார் வாண்டுமாமா. அவர் ஆசிரியராக இருந்த 'பூந்தளிர்' இதழ்களை என் வீட்டுக்காரர் சின்ன வயதில் சேர்த்து, சணலால் தைத்து வைத்திருந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து அவை வெளியே வந்த நாள் எங்கள் வீட்டில் திருவிழா. மாத்தூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, மொட்டைமாடியில் மகனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கபீஷும் காக்கை காளியும் சுப்பாண்டியும் படித்துக் காட்டுவார். கபீஷ் வாலை நீட்டும் இடம் வந்ததும் இவர் கையை நீட்டுவார். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், அந்த நேரத்தில் அவருக்கும் எட்டு வயதுதான்.

நடுவில் 'டோட்டோ-சான்' படித்தோம். ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கும் அந்த டோக்கியோப் பள்ளிக்கூடம் பிள்ளைகளைப் பைத்தியமாக்கிவிட்டது. அங்கே மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் இருக்க வேண்டும் என்பார் தலைமை ஆசிரியர். அன்றிலிருந்து எங்கள் தட்டிலும் அதே சட்டம். கருவாடு கடல், தோட்டத்து முருங்கைக்கீரை மலை. கீரையை மூக்கைச் சுளிக்காமல் சின்னவன் தின்கிறான் என்றால் அந்தப் பெருமை முழுக்க அந்த ஜப்பான்காரருக்கே.

ஆனால் இந்தக் கோடையின் ராஜா 'பொன்னியின் செல்வன்'தான். கல்கியில் 1950இல் தொடராகத் தொடங்கிய கதை, ஐந்து பாகம். தினமும் சாயங்காலம் வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் நான்கு அத்தியாயம் என்று கணக்கு. எந்த நாளும் அது நான்கோடு நின்றதில்லை. வந்தியத்தேவன் மாட்டிக்கொண்ட இடத்தில் புத்தகத்தை மூட எந்தக் கல்நெஞ்சுக்கு மனசு வரும்? வானதி வந்தபோதுதான் எங்கள் வீடு நிமிர்ந்து உட்கார்ந்தது. கொடும்பாளூர் இளவரசி! விராலிமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற, நாங்கள் பஸ்ஸில் கடந்துபோகிற கொடும்பாளூர்! "நம்ம ஊர்ப் பொண்ணு ஏம்மா எப்பப் பார்த்தாலும் மயங்கி மயங்கி விழறா?" என்று பெரியவளுக்கு ஒரே கோபம். கடைசிப் பாகம் வரை பொறுத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

இரண்டாம் பாகம் முடிந்த மறுநாள் விடிகாலையிலேயே கிளம்பிவிட்டோம். புளிச்சோறு கட்டிக்கொண்டு, விராலிமலை போய் பஸ் மாறி, வெயில் ஏறுமுன் மூவர் கோயிலில் நின்றோம். மூன்று விமானங்களில் இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். சுற்றிலும் சிறு கோயில்களின் அடித்தடங்கள். கட்டியவர் இருக்குவேளிர் தலைவர் பூதி விக்கிரமகேசரி. தனக்கு ஒன்று, தன் அரசிகள் கற்றளிக்கும் வரகுணைக்கும் ஒவ்வொன்று என்று அங்கிருக்கும் கிரந்தக் கல்வெட்டு சொல்கிறது. "பூதி விக்கிரமகேசரியா? அது நம்ம பெரிய வேளார்!" என்றாள் மகள். நேற்றிரவு கட்டிலில் கேட்ட பெயர் காலையில் கல்லாக எதிரே நிற்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. சின்னவன் அந்த மூன்றாவது அடித்தளத்தின் பக்கத்தில் நின்று, இல்லாத விமானத்தைக் கழுத்தை நிமிர்த்தி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து படிக்கப்போவது அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' என்று அங்கேயே முடிவாயிற்று. அதன் நாயகன் இளங்கோவும் கொடும்பாளூர்க்காரன் அல்லவா!

இவ்வளவும் சொன்னேன். இந்தக் கோடையில் நான் கண்ட பெரிய அதிசயத்தை இன்னும் சொல்லவில்லை.

அத்தை, அதாவது என் மாமியார், பள்ளிக்கூடம் போனவரில்லை. 1991இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் எழுந்தபோது, இரண்டு பிள்ளைக்குத் தாயாக, பகலெல்லாம் களையெடுத்துவிட்டு ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அ, ஆ படித்தவர். அதே இயக்கத்தில் சைக்கிளும் பழகியவர். கூடப் படித்த பெண்களோடு சைக்கிளில் போன கதையை இப்போது சொன்னாலும் அவர் கண்ணில் ஒரு மினுக்கம் வரும். ஆனால் படித்த எழுத்து பஸ் பலகைக்கும் ரேஷன் கார்டுக்கும் ஜெபப் புத்தகத்துக்கும்தான் உதவிக்கொண்டிருந்தது. ஒரு கதையைப் பிறர் கேட்க வாசித்ததே இல்லை.

மூன்றாம் பாகம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பெரியவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். சின்னவன் புத்தகத்தை எடுத்து அப்பாயி மடியில் வைத்தான். "நீ படி அப்பாயி."

"எனக்கு எங்கடா இதெல்லாம் வரும்?"

"வரும். எழுத்துக்கூட்டிப் படி. நாங்க காத்திருப்போம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலை வரிக்கடியில் வைத்தார். முதல் பக்கத்துக்குப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. 'ஆழ்வார்க்கடியான்' என்ற பெயரை மூன்று தடவை முயன்று நான்காவதில் முழுசாகச் சொன்னபோது நாங்கள் கைதட்டினோம். இரண்டாம் பக்கத்தில் விரல் கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. அத்தியாயத்தின் முடிவில் அவர் விரலை மறந்தே போனார். குரல் மட்டும் ஏறி இறங்கியது, தாலாட்டும் ஒப்பாரியும் பாடிப் பழகிய குரல். கல்கியின் வசனத்தை அந்தக் குரலில் கேட்டுவிட்டு, இனி யார் வாசித்தாலும் எங்களுக்குப் பத்தாது. அடுத்த வீட்டு அக்கா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் தன் பாயையும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது வேப்பமரத்தடியில் பதினோரு பேர்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. நான்காம் பாகம் நேற்று முடிந்தது. 'தியாகச் சிகரம்' பாக்கி. பிள்ளைகள் பகலில் பள்ளிக்குப் போனதும் அப்பாயி தனியாக முன்னே படித்துவிடுவார் என்று சின்னவனுக்குப் பெரிய கவலை. சத்தியம் வாங்கிப் பார்த்தான். அவர் சிரித்தாரே ஒழிய சத்தியம் செய்யவில்லை. நேற்று ராத்திரி விளக்கை அணைக்கப் போனபோது பார்த்தேன். அவன் தூங்கிவிட்டிருந்தான், தலையணைக்கடியில் ஐந்தாம் பாகம். பக்கத்துக் கட்டிலில் அத்தை இருட்டில் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, அவன் தலையைத் தூக்காமல் புத்தகத்தை எப்படி உருவுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.