முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் எப்படி ரசிப்பது?

நெல்லை, குமரிப் பக்கத்து ஊர்க் கோயில் கொடை விழாக்களில் சாமி எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்று வில்லடித்துப் பாடுவார்கள். அந்தக் கதைகளில் நான் எல்லாரையும் கேட்கச் சொல்வது முத்துப்பட்டன் கதை.

முதலில் காதைப் பழக்குங்கள்

மணி கட்டிய வில், அதன் நாணில் விழும் வீசுகோல், கூடவே குடம், உடுக்கை, ஜால்ரா. தலைமைப் பாடகரான புலவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். கதையில் சாவு நெருங்க நெருங்க அடி வேகமெடுக்கும். சாமியாடிகளுக்கு அருள் வரும்.

நிபந்தனை போடுவது யார் என்று கவனியுங்கள்

முத்துப்பட்டன் பிராமண வாலிபன். பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை இருவர் மேலும் ஆசைப்பட்டு, அவர்கள் தகப்பன் வாலப்பகடையிடம் பெண் கேட்கிறான். இன்று அருந்ததியர் என்று அழைக்கப்படும் சாதியைச் சேர்ந்தவர் வாலப்பகடை. பூணூலையும் குடுமியையும் அறுத்துவிட்டுச் செருப்புத் தைத்துக் காட்டு என்கிறார் அவர். முத்துப்பட்டனும் தைக்கிறான். ஊர் தாழ்த்தி வைத்த தொழில் இங்கே மாப்பிள்ளைக்குப் பரீட்சை ஆகிவிடுகிறது. புலவர் இந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பாருங்கள். பிறகு மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்க் மாட்டுத் திருடர்களோடு மோதிச் சாகிறான் முத்துப்பட்டன். பெண்கள் இருவரும் அவன் சிதையில் இறங்குகிறார்கள்.

எந்த வடிவம் என்று கேளுங்கள்

சில வடிவங்களில் அந்தப் பெண்கள் பிராமணக் குழந்தைகளாம், வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம். இந்த ஒரு முடிச்சைப் போட்டதும் கலப்பு மணமே இல்லாமல் போகிறது. கதையின் பல் பிடுங்கப்படுகிறது. கதைக்கு ஊரை மாற்றும் பலம் இல்லையென்றால், அதைத் திருத்த யாரும் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். நா. வானமாமலை பதிப்பித்த 'முத்துப்பட்டன் கதை'யை வாசித்துவிட்டுப் போனால், எது எங்கே மாறுகிறது என்று உங்களுக்கே பிடிபடும்.

கோயிலையும் பாருங்கள்

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் பட்டவராயன் என்ற தெய்வமாக நிற்கிறார். அவருக்குக் காணிக்கை தோல் செருப்பு. பெரும்பாலான கோயில்களில் வாசலோடு நிற்கும் பொருள் இங்கே சந்நிதிக்கு வருகிறது. செருப்புத் தைத்தவர்களின் பிள்ளைகள் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள இந்தக் கதை ஒரு பாட்டனைக் கொடுத்திருக்கிறது: பெண் கேட்டு வந்தவனுக்குத் தன் வாசலில் நிபந்தனை போட்ட வாலப்பகடை. அடுத்த கொடையில் வில் முழங்கும்போது பட்டனோடு சேர்த்து அவரையும் கேளுங்கள்.