34 பேர், 78 நட்பு: ஐகிராஃப் எப்படி?

சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு பழக இன்று பைசா செலவில்லை. ஆர் மொழி இலவசம். அதில் ஏற்றிக்கொள்ளும் ஐகிராஃப் தொகுப்பும் இலவசம். காபோர் சார்டி, டமாஷ் நெபுஸ் என்ற இரண்டு ஹங்கேரியர்கள் 2006-இல் அறிமுகப்படுத்தியது. உள்ளே கணக்குப் போடுவது சி மொழி என்பதால் வேகத்தில் குறையில்லை. விண்டோஸில் சட்டென்று நிறுவிவிடலாம். லினக்ஸில் மூல நிரலிலிருந்து கம்பைல் ஆகத் தொடங்கினால், டீ குடித்துவிட்டு வரலாம்.

பழகிப் பார்க்கத் தரவு தேடி அலையவும் வேண்டாம். வெய்ன் ஸக்காரி என்ற மானுடவியலாளர் 1970 முதல் 1972 வரை கவனித்து 1977-இல் எழுதிய கராத்தே கிளப் தரவு ஐகிராஃப் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கிளப் அது. 34 உறுப்பினர்கள், வகுப்புக்கு வெளியேயும் பழகிய 78 ஜோடிகள். பயிற்சிக் கட்டணத் தகராறில் பயிற்சியாளரும் நிர்வாகியும் முட்டிக்கொள்ள, கிளப் இரண்டாக உடைந்தது. விடை தெரிந்த கணக்கு என்பதால் கருவி சொல்வதைச் சரிபார்க்க முடிகிறது.

யாருக்குத் தொடர்பு அதிகம் என்று கேட்டால் 34-ஆம் எண்ணான நிர்வாகிக்கு 17, 1-ஆம் எண்ணான பயிற்சியாளருக்கு 16 என்கிறது. அடுத்த வரியில் பிட்வீன்னஸ் கேட்டேன். மற்ற இருவரை இணைக்கும் மிகக் குறுகிய பாதைகளில் எவ்வளவு ஒருவர் வழியாகப் போகிறது என்ற அளவு அது. இப்போது வரிசை தலைகீழ்: பயிற்சியாளர் சுமார் 231, நிர்வாகி சுமார் 161. வலைப்பின்னலைப் படமாக வரைந்து பார்த்தால் காரணம் விளங்கும். 5, 6, 7, 11, 17 ஆகிய ஐந்து பேரும் கிளப்பில் வேறு யாரை எட்ட வேண்டுமானாலும் 1-ஐத் தாண்டித்தான் போக வேண்டும்.

குழு பிரிக்கச் சொன்னால்தான் வேடிக்கை. ஃபாஸ்ட் கிரீடி முறை மூன்று குழு என்கிறது, லூவேன் நான்கு, எட்ஜ் பிட்வீன்னஸ் ஐந்து. உண்மையில் பிரிந்ததோ இரண்டு. மாடுலாரிட்டி என்ற மதிப்பெண் எங்கே உச்சம் தொடுகிறதோ அங்கே இவை நிற்கின்றன. கட்டணத் தகராறு இவற்றுக்கு எப்படித் தெரியும்? 9-ஆம் எண்காரரைப் பாருங்கள். ஸக்காரியின் கணக்குப்படி அவர் நிர்வாகி பக்கம் போயிருக்க வேண்டும். கருப்பு பெல்ட் தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்தது, அந்தப் பக்கம் போனால் மறுபடி வெள்ளை பெல்ட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பயிற்சியாளரோடேயே போய்விட்டார். அட்டவணையில் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

இனி குறைகள். பெரியது, இணைப்புகளின் எடை. இருவர் எத்தனை முறை பேசினார்கள் என்பதை எடையாகக் கொடுத்தால், ஃபாஸ்ட் கிரீடி, லூவேன் போன்ற குழு பிரிக்கும் கட்டளைகள் அதை நெருக்கம் என்று எடுத்துக்கொள்கின்றன. பிட்வீன்னஸ் கட்டளையோ தூரம் என்று எடுத்துக்கொள்கிறது. அதிகம் பேசுகிறவர்கள் வெகு தொலைவில் இருப்பதாக ஆகிவிடும், எச்சரிக்கை ஒன்றும் வராது. அந்தக் கட்டளைக்கு 1-ஐ எடையால் வகுத்துக் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு மஞ்சள் வரி எச்சரிக்கையாவது போட்டிருக்கலாம்.

பழைய பாடங்களில் புள்ளி வைத்த கட்டளைப் பெயர்கள், இப்போது அடிக்கோடு. எஸ்என்ஏ என்ற இன்னொரு தொகுப்பையும் சேர்த்து ஏற்றினால் ஒரே பெயரில் இரண்டு கட்டளைகள் மோதும். ரேண்டம் விதையை நிலைப்படுத்தாவிட்டால் படம் ஒவ்வொரு முறையும் வேறு உருவில் வரும். முனைகளுக்குத் தமிழில் பெயரிட்டு வழக்கமான முறையில் பிடிஎஃப் எடுத்தால் எழுத்து உருப்படியாக வராது. கெய்ரோ என்ற வரைகலை நூலகம் வழியாக எடுத்தால் வரும்.

நிரல் எழுதவே தயங்குகிறவர்களும், பெரிய வலைப்பின்னலை அழகாகக் காட்டினால் போதும் என்கிறவர்களும் கெஃபி என்ற மென்பொருள் பக்கம் போகலாம். எண்களோடு மல்லுக்கட்டத் தயாரானவர்கள் கராத்தே கிளப்பை ஏற்றி, முதலில் அந்த ஐந்து பேரைத் தேடிப் பாருங்கள்.