உறவுச்சொல்லால் அமைந்த குடும்பம்: ஏமி கார்மைக்கேலின் டோனாவூர் எழுத்துகள்

முன்னுரை

கிறித்தவ மறைப்பணிக்காகத் தாயகம் நீங்கியோர் எழுதிய நூல்களில், சென்ற இடத்தில் குடும்பம் வாய்த்ததாகக் கூறும் பகுதிகள் மிகுதி. அவற்றை அன்பின் சான்றாக மட்டும் படிப்போர் உளர். ஆதிக்கத்தை மறைக்கும் திரையாக மட்டும் படிப்போரும் உளர். இரு சாராரும் எளிதில் கடந்து செல்வன அந்நூல்களில் பயிலும் உறவுச்சொற்கள். அயர்லாந்தில் பிறந்து நெல்லைச் சீமையின் டோனாவூரில் மறைந்த ஏமி கார்மைக்கேலின் (1867-1951) எழுத்துகளை அச்சொற்களின் வழி அணுகுகிறது இக்கட்டுரை.

மகளான பின் தாய்

ஏமி 18ஆம் வயதில் தந்தையை இழந்தார். பின்னர் இங்கிலாந்தின் கெசிக் இயக்க முன்னோடிகளுள் ஒருவரான ராபர்ட் வில்சனின் இல்லத்தில் மகளைப் போல வாழ்ந்தார். தொடக்ககால நூல்களில் அவர் பெயர் 'ஏமி வில்சன்-கார்மைக்கேல்' என அமைவது இவ்வுறவின் சுவடு. குருதித் தொடர்பின்றியும் குடும்பம் அமையும் என்பதை அவர் இந்தியா வருமுன்பே வாழ்ந்து அறிந்திருந்தார். 1893இல் ஜப்பானுக்கும் அடுத்து இலங்கைக்கும் சென்ற அவர், 1895இல் இந்தியா வந்த பின் தாயகம் திரும்பவேயில்லை.

1901 மார்ச்சில், கோயிலுக்கு ஒப்படைக்கப்பட இருந்த ப்ரீனா என்னும் சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். ஊரார் ஏமியைப் 'பிள்ளை பிடிக்கும் மிஸ்ஸி அம்மாள்' என்ற பொருளில் குறிப்பிட்டுவந்த காலம் அது. 'அம்மாள்' என்பது மதிப்புரைக்கும் ஒட்டு. 'அம்மா' என்பதோ உறவும் மதிப்பும் ஒருங்கே உணர்த்தும் விளி. முன்னதிலிருந்து பின்னதற்கு நேர்ந்த நகர்வே டோனாவூர்க் குடும்பத்தின் தோற்றம் எனலாம். ஆங்கில வாசகர் 'அம்மா'வில் தாய்மையை மட்டுமே கண்டனர். அச்சொல்லில் தலைமையும் அடங்கியிருப்பதைத் தமிழறிந்தோரே உணர்வர்.

சித்தியும் அக்காளும்

டோனாவூரில் குழந்தைகளைப் பேணிய இந்தியப் பெண்கள் பொதுவாக 'அக்காள்' என்றும், அயல்நாட்டுப் பெண்கள் 'சித்தி' என்றும் அழைக்கப்பட்டனர். ஆடவர் 'அண்ணாச்சி' ஆயினர். அயலாரையும் மதித்து அழைக்கும் நெல்லை வழக்கே இது. வந்தவர்கள் தம் சொல்லைத் திணிக்கவில்லை; மண்ணின் சொல்லுக்குள் தாம் புகுந்தனர். இது குறிப்பிடத்தக்க பண்பாட்டு ஏற்பு.

எனினும் உறவுமுறையில் சித்தி தாயின் தலைமுறை. அக்காள் குழந்தையின் தலைமுறை. ஆகவே, வயதாலோ பணியாலோ அன்றிப் பிறந்த நாட்டால் ஒருவர் தலைமுறை உயர்ந்துவிடுகிறார். மாற்றாந்தாயையும் 'சித்தி' எனல் தமிழ் வழக்கு என்பதையும் இங்கு நினைவுகூரலாம். நெய்யூரில் பச்சிளங்குழந்தைகளின் காப்பகத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் பொன்னம்மாள் என்னும் தமிழ்க் கைம்பெண். அவருக்கென ஏமி 1918இல் தனி நூலே எழுதினார். அந்நூல் காட்டும் பொறுப்பின் அளவை 'அக்காள்' என்ற சொல் தாங்கவில்லை. உறவுச்சொல் நெருக்கத்தை உண்டாக்கிய அதே வேளையில் படிநிலையையும் இயல்பாக்கியது என்பதற்கு இது சான்று.

பேசாத தாயும் மிமோசாவும்

ப்ரீனா அதற்கு முன்பொருமுறை தப்பித் தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடியவள். தாயோ அவளை மீண்டும் கோயிற்பெண்களிடம் ஒப்படைத்தாள். ஏமியின் விவரிப்பில் அத்தாய் கைவிடும் கணத்தில் மட்டுமே தோன்றுகிறாள். அவளை அந்நிலைக்குத் தள்ளிய வறுமையும் அச்சமும் சமூகக் கட்டும் விரித்துரைக்கப்படவில்லை. புதிய தாய் நிலைபெறுவதற்கு ஈன்ற தாய் குரலற்றவளாதல் இக்கதைமுறையின் தேவையாகிறது. குழந்தை உண்மையிலேயே காக்கப்பட்டாள் என்பதை இவ்வாசிப்பு மறுக்கவில்லை. மீட்பின் கதையில் யாருக்குப் பேச்சு மறுக்கப்பட்டது என்பதே இதன் வினா.

1924இல் வெளியான 'மிமோசா' இக்கதைமுறையை உள்ளிருந்தே அசைக்கிறது. டோனாவூரில் தங்க விரும்பிய சிறுமியைத் தந்தை இசையாது அழைத்துச் செல்கிறார். அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் வாழ்ந்தபடியே தன் நம்பிக்கையைக் காக்கிறாள்; 22 ஆண்டுகளுக்குப் பின்னரே டோனாவூர் வருகிறாள். குடும்பத்தைத் துறந்தால்தான் புதிய உறவு கிட்டும் என்ற முடிபை ஏமியின் இந்நூலே ஐயுறச் செய்கிறது. அவர் நூல்களுள் திறனாய்வுக்கு இடம் மிகுதியாகத் தருவது இதுவே.

முடிவுரை

ஏமியின் அடக்க இடத்தில் கல்லறைக்கல் இல்லை. பறவைகளுக்கான நீர்த்தொட்டியில் 'அம்மா' என்ற ஒரே சொல் பொறிக்கப்பட்டது. அதனைப் பொறித்தோர் வளர்ப்புப் பிள்ளைகள் என்பதால், அச்சொல் அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டமாகச் சுருங்காது. அயல்மண்ணில் அவர் பெற்ற உறவு மெய்யானது; அது சமனற்ற அமைப்புக்குள் பெற்றது என்பதும் மெய்யே. ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்காமல் படிக்க உறவுச்சொல் துணைசெய்கிறது. அக்காள்களும் பிள்ளைகளும் தமிழில் கூறிய நினைவுகள் தொகுக்கப்பெற்று ஏமியின் நூல்களோடு ஒப்பிடப்படும்போதே, இக்குடும்பத்தின் வரலாறு அதன் எல்லா உறுப்பினர்க்கும் உரியதாகும்.