ஆவணப்படப் பேட்டியும் ஒற்றை விளக்கும்

ஆவணப்படங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், படத்தில் பேசியவர் என்ன சொன்னார் என்று எழுதுவார்கள். இயக்குநரின் அரசியல் சரியா தவறா என்று வாதிடுவார்கள். பேசியவரின் முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று எழுதியவரை நான் அதிகம் கண்டதில்லை. அதெல்லாம் எலக்ட்ரீஷியன் சமாசாரம் என்ற எண்ணம்! மும்பை லோகார் சாலில் நாற்பது ஆண்டு விளக்கு விற்றவன் என்ற முறையில் இதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. பேசுபவரைப் பார்ப்பவர் எப்படி மதிக்கிறார் என்பதில் பாதியை அந்த வெளிச்சம் தீர்மானிக்கிறது. அவர் தன்னை மறந்து பேசுவாரா, விறைத்துப்போய் ஒப்பிப்பாரா என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் சங்கத்துப் பிள்ளைகள் கைப்பேசியை வைத்துக்கொண்டு தாத்தா பாட்டிகளைப் பேசவைத்துப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். 1950களில் தாராவித் தோல் பதனிடும் பட்டறைகளுக்கு வந்தவர்களும், ரயில்வேக்கும் துறைமுகத்துக்கும் வந்தவர்களும் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடிய வேலையல்ல இது. எடுத்தவற்றில் சிலவற்றை எனக்குக் காட்டினார்கள். ஒன்றில் பெரியவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் பளீரென்று இருக்கிறது, முகம் கரிக்கட்டையாக இருக்கிறது. இன்னொன்றில் தலைக்கு நேர்மேலே டியூப்லைட். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு குழிகள். பேச்சோ அருமையான பேச்சு. ஆனால் முகம் தெரியாத பேச்சை எந்தப் பேரன் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பார்ப்பான்?

பேட்டி ஆவணப்படத்துக்கு முன்னோடி என்று பலரும் காட்டுவது 1935-இல் இங்கிலாந்தில் வந்த 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்'. ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் எடுத்தது. லண்டனின் கிழக்கே ஸ்டெப்னி பகுதியில் இடிந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் தங்கள் அறையிலேயே இருந்து எலி, மூட்டைப்பூச்சி, ஒழுகும் கூரை பற்றித் தாங்களே சொல்கிறார்கள். ஏழையைப் பற்றி வேறொருவர் பேசாமல் ஏழையே பேசட்டும் என்று விட்டது பெரிய காரியம். படத்துக்குப் பணம் கொடுத்தது எரிவாயு வணிகர்களின் சங்கம், அது தனிக்கதை. என் கண்ணுக்குப் பட்டது அந்த மனிதர்களின் விறைப்பு. கேமராவை நேருக்கு நேர் பார்த்து, பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பிலிமுக்கு அறைக்குள் பெரிய விளக்குகள் இல்லாமல் படம் விழாது. ஒலிப்பதிவுக் கருவியும் கனம். இத்தனையையும் அந்தச் சின்ன அறைக்குள் நுழைத்த பிறகு அது அவர்கள் வீடாகவா இருந்திருக்கும்? குடியிருப்பவர்தான் அங்கே விருந்தாளி. படத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களைப் பேச விட்ட மனசு பெரிது. கையில் இருந்த கருவி அந்த மனசுக்கு ஈடுகொடுக்கவில்லை.

லண்டனுக்குப் போவானேன், நம் கல்யாண வீட்டு வீடியோ லைட்டை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் வாட் ஹாலஜனை ஒரு பையன் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவான். அது பக்கம் திரும்பியதும் பந்தியில் சாப்பிடுகிறவர் கை நிற்கும், சிரித்துக்கொண்டிருந்த கிழவி சிரிப்பை நிறுத்திப் புடவைத் தலைப்பைச் சரிசெய்வாள். இரண்டு தலைமுறைத் தமிழர்களுக்குக் கேமரா என்றாலே கண் கூசும் ஒன்று என்ற பாடத்தை அந்த விளக்குதான் கற்றுக்கொடுத்தது. அதே ஆயுதத்தோடு நம் தொலைக்காட்சிப் பேட்டிகளும் பல வருஷம் நடந்தன. முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி தட்டையாக, பின்னால் சுவரில் கறுப்பாக ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சுமையைக் குறைத்தவர்களில் அமெரிக்க ஒளிப்பதிவாளர் ராஸ் லோவலைச் சொல்லவேண்டும். ஆவணப்படக்காரர்கள் பெட்டியில் போட்டுத் தூக்கிப் போகவும், கதவிலும் சுவரிலும் ஒட்டி நிறுத்தவும் ஏற்ற சிறு விளக்குகளை அவர் 1959 வாக்கில் உருவாக்கினார். படப்பிடிப்புகளில் இன்று எல்லோரும் பயன்படுத்தும் துணி ஒட்டுநாடாவும் அவர் கைவேலைதான். ஆனால் விளக்கு சிறிதாவது மட்டும் போதாது. சின்ன விளக்கு நேராக முகத்தில் அடித்தால் அதுவும் கத்திதான். அந்த வெளிச்சத்தை எப்படி மென்மையாக்குவது என்பதற்கு நம் நாட்டிலேயே பதில் கிடைத்தது.

1956-இல் வந்த 'அபராஜிதோ' கதைப்படம்தான், ஆவணப்படம் அல்ல. அதில் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். முற்றத்தில் வானத்து ஒளி எல்லாப் பக்கமும் பரவி விழுமே, அது ஸ்டுடியோ விளக்கில் வராது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அந்தத் துணியின்மேல் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் படம் எடுத்தார். உலகம் இன்று பௌன்ஸ் லைட் என்று கொண்டாடுவது அந்த வெள்ளைத் துணியைத்தான். இதன் தத்துவம் எளியது: விளக்கு எவ்வளவு பெரிதாக முகத்துக்குத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நிழலின் விளிம்பு கரையும். ஒரு சின்ன பல்பை ஆறடித் துணியில் அடித்தால் துணிதான் விளக்கு. அஜந்தாவில் முன்பு வழிகாட்டிகள் குகை வாசலில் கண்ணாடி பிடித்து வெயிலை உள்ளே திருப்பி ஓவியங்களைக் காட்டுவார்களே, அதுவும் இதற்குப் பங்காளிதான்.

அடுத்து நம் ஊர்ப் படம். ஆனந்த் பட்வர்தன் எடுத்த 'பம்பாய் அவர் சிட்டி' 1985-இல் வந்தது. நடைபாதையிலும் குடிசையிலும் வாழ்ந்தவர்களை நகராட்சி அப்புறப்படுத்திய காலத்தின் படம். அதே விவகாரத்தில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், சேலத்திலிருந்து பிழைக்க வந்து நடைபாதையில் வாழ்ந்த ஒருவரும் மனுதாரர் என்பதால் நமக்கு அது வெறும் பம்பாய்க் கதை அல்ல. படத்தில் அதிகாரத்தில் உள்ளவர்கள் கூரைக்குக் கீழே அமர்ந்து நிதானமாகப் பேசுகிறார்கள். கூரை பிடுங்கப்பட்டவர்கள் திறந்த வெளியில் பேசுகிறார்கள். மழைக்கால மேகம் போல ஒரு மென்னொளி விளக்கை எந்தக் கம்பெனியும் செய்து விற்க முடியாது. அது அவர்களுக்கு இலவசமாக வாய்க்கிறது, வீடு போன காரணத்தால்! ஒரு பெண் இயக்குநரையே மடக்கி, எங்களைப் படம் எடுத்து என்ன செய்துவிடப் போகிறாய் என்ற பொருளில் கேட்கிறாள். அதை அவர் வெட்டாமல் வைத்தார். விளக்கு, ஸ்டாண்டு, குடை என்று சுற்றி நின்றிருந்தால் அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். விளக்குகளுக்கு நடுவில் இருப்பவர் கேள்வி கேட்பதில்லை, பதில்தான் சொல்வார்.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ விளக்கே வேண்டாம், இருக்கிறபடி எடுப்பதுதான் உண்மை" என்று கிளம்புகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு லான்ஸ்மனின் 'ஷோவா'வைத்தான் காட்டுவேன். 1985-இல் வந்த ஒன்பதரை மணி நேரப் படம். அதில் ட்ரெப்ளிங்கா வதைமுகாமில் பணிபுரிந்த ஒரு ஜெர்மானியக் காவலரை மறைத்து வைத்த கேமராவால் எடுத்திருக்கிறார். படம் சாம்பல் பூத்து, அலைந்து, முகம் கலங்கித் தெரிகிறது. அந்தக் கலக்கமே, இது அவருக்குத் தெரியாமல் எடுத்தது என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. அதே முகாமில், விஷவாயு அறைக்குப் போகும் பெண்களுக்கு முடிவெட்ட வைக்கப்பட்ட ஆபிரகாம் போம்பாவை லான்ஸ்மன் இஸ்ரேலில் ஒரு முடிதிருத்தகத்தில் நிற்கவைத்து, கத்தரி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசவைத்தார். சுற்றிலும் கண்ணாடிகள். ஒரு நிலையில் அவரால் பேச முடியவில்லை, நீண்ட மௌனம். அந்த மௌனத்தில் அவர் முகத்தில் நடப்பது அத்தனையும் தெரிகிறது. தெரியவில்லை என்றால் அது வெறும் சத்தமில்லாத பிலிம். ஆக மங்கலான படத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டு, அது மறைந்திருந்து எடுத்ததன் அடையாளம். நம் தாத்தாவை யாரும் மறைந்திருந்து எடுக்கவில்லை. அவர் சட்டை மாற்றி, விபூதி பூசிக்கொண்டோ, நம்மவர் போல் சந்தனக் கோடு இட்டுக்கொண்டோ வந்து உட்கார்ந்தவர். அவரை இருட்டில் எடுப்பது உண்மை அல்ல, அசட்டை.

சமணத்தில் மும்மணிகளில் முதலாவதாக வைத்தது நற்காட்சி. அதற்குப் பொருள் வேறு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் காட்சியை ஒழுங்குசெய்யாமல் மற்றதற்குப் போகாதே என்கிற வரிசை எனக்குப் பிடிக்கும்.

இதில் நம் தோலின் நிறம் பற்றியும் சொல்லவேண்டும். கோடாக் கம்பெனி அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிற அளவை அட்டையில் பல காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகம் எப்படி வரும் என்பது யாருடைய கவலையாகவும் இல்லை. இன்றைக்குக் கருவி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. கறுத்த முகத்துக்கு ஆளைக் கூசவைக்கும் வெளிச்சம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். நேர்மாறாக, கறுத்த தோலின் அழகு அது ஒளியைத் திருப்பித் தருவதில் இருக்கிறது. பக்கவாட்டில் அகலமான மெல்லிய ஒளி விழுந்தால் கன்ன எலும்பில், நெற்றியில், மூக்குத்தியில் மினுமினுப்பு வரும். அந்த மினுமினுப்பில்தான் முகம் உருண்டு திரண்டு தெரியும்.

நம் பெரியவர்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல், வெள்ளைச் சட்டை. தானியங்கிக் கேமரா சட்டையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும், முகம் இன்னும் கறுக்கும். கைப்பேசியில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து அளவைப் பூட்டிவிடவேண்டும். சட்டைப் பக்கம் வெளிச்சம் போகாமல் விளக்குக்குக் கீழே ஒரு கறுப்பு அட்டையை வைத்தால் போதும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இதற்குமேல் பெரிய ஏற்பாடு தேவையில்லை. முதலில் தலைக்குமேல் இருக்கும் டியூப்லைட்டை அணையுங்கள். ஜன்னல் இருந்தால் பேசுபவரை அதற்குப் பக்கவாட்டில் உட்காரவையுங்கள். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். மாலை நான்கரைக்குமேல் அறைக்குள் வெளிச்சம் என்ன வேகத்தில் இறங்கும் என்பது உடம்பில் ஏறிய கணக்கு. ஜன்னலை நம்பினால் காலையில் எடுங்கள்.

ஜன்னல் இல்லாத அறை என்றால் ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கு, நாற்பது வாட் தாராளம். அதை முகத்தில் அடிக்காமல் வெள்ளைச் சுவரிலோ தெர்மோகோல் பலகையிலோ அடியுங்கள். கேள்வி கேட்பவர் கேமராவுக்கும் அந்த வெளிச்சத்துக்கும் நடுவில் உட்காரவேண்டும். பேசுபவர் அவரைப் பார்த்துப் பேசும்போது வெளிச்சம் முகத்தின் அந்தப் பக்கம் விழும், கேமராப் பக்கம் மெல்லிய நிழல் தங்கும். நிழல் அதிகம் என்றால் அந்தப் பக்கம் ஒரு வேட்டியை நாற்காலி முதுகில் விரித்துவிட்டால் ஆயிற்று. மூக்குக்கண்ணாடி பளபளத்தால் விளக்கைச் சற்று உயர்த்துங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள், அவர் முகம் அதோடுதான். வெளிச்சம் மூன்றடியில் இருந்து ஆறடிக்குப் போனால் கால்பங்காகிவிடும். ஆகவே பக்கத்தில் வைத்தால் பின்னால் இருக்கும் கொடித்துணியும் கேஸ் சிலிண்டரும் தானே மங்கிவிடும். முழுக்க மறையவேண்டாம் என்பேன். அது அவருடைய வீடு.

விளக்கு வாங்கும்போது பெட்டியில் நிறக்குறியீடு எவ்வளவு என்று பாருங்கள். கடைவீதியில் கிடைக்கும் மலிவு எல்.இ.டி. எண்பதில் நிற்கும், அதில் சிவப்பு குறைவு. தோலின் உயிர் சிவப்பில் இருக்கிறது, எண்பதில் முகம் வாழைக்காய் நிறமாகும். தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் கேளுங்கள். வியாபாரி மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள்; என் சாதி வியாபாரிகள் கோபித்துக்கொள்ளட்டும். நம் மின்சாரம் ஐம்பது சுற்று. கைப்பேசி நொடிக்கு முப்பது படம் எடுக்கும்போது சில விளக்குகளில் திரையில் பட்டை ஓடும். இருபத்தைந்து படம், ஐம்பதில் ஒரு நொடி என்று மாற்றினால் நின்றுவிடும்.

ஹாலஜனை மறந்துவிடலாம். ஆயிரம் வாட் குச்சி ஒன்றுக்கே நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டைச் சாலின் ஐந்து ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பியூஸ் போய் மாடி முழுக்க இருட்டு. அதைவிட மோசம் சூடு. சூடு என்றால் மின்விசிறி, மின்விசிறி என்றால் ஒலியில் இரைச்சல். விசிறியை நிறுத்தினால் எண்பத்தைந்து வயசுக்காரர் வேர்த்துப் பத்து நிமிஷத்தில் "போதும்பா" என்பார். சூடில்லாத ஒரு விளக்கு இருந்தால் அவர் ஒரு மணி நேரம் பேசுவார். நாற்பதாவது நிமிஷத்துக்குப் பிறகுதான் மதராஸ் மெயிலில் வந்த கதை முடிந்து, முதல் வருஷம் எங்கே படுத்தார், யார் சோறு போட்டார்கள் என்ற கதை வரும்.

இதில் கடைசியாக ஒரு யோசனையைச் சில படக்காரர்கள் சொல்வதுண்டு: விளக்கை அணைத்துவிட்டு, முடிந்துவிட்டது என்று சொல்லி, கேமராவை மட்டும் ஓடவிடுங்கள்; அப்போதுதான் உண்மை வரும் என்று. வருவது உண்மைதான். ஆனால் லான்ஸ்மன் அதை ஒரு கொலைகார முகாமின் காவலரிடம் செய்தார். தோல் பட்டறையில் உழைத்து நாலு பிள்ளைகளைப் படிக்கவைத்த பெரியப்பாவிடம் செய்யக்கூடாது. விளக்கு எரிவது அவருக்கு ஓர் அறிவிப்பு, இப்போது பேசுவது பிறர் காதுக்கும் போகும் என்று. விளக்கை அணைத்தால் கேமராவையும் அணைத்துவிட்டு, அவர் கண்முன்னாலேயே மூடிப் பையில் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னதில் ஏதாவது பதிவாகவேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள். "ஐயா, அதை மறுபடி சொல்றீங்களா, விளக்கைப் போடட்டுமா" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.