டிரம், துணி, சொல்கட்டு: தாராவி தானே செய்துகொண்ட கலை

தமிழ் வாசகர் அறிந்த தாராவி சென்னையில் கட்டப்பட்டது. 'நாயகன்' (1987) படத்துக்காகத் தோட்டா தரணி வீனஸ் ஸ்டூடியோவில் எழுப்பிய சந்துகள் அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தன. முப்பதாண்டு கழித்து, பா. ரஞ்சித்தின் 'காலா'வுக்காகச் சென்னைப் புறநகரில் மறுபடி ஒரு தாராவி எழுந்தது. இரண்டும் பெரிய உழைப்பு, மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் அந்தச் செட்டுகளில் பழகிய கண்ணுக்கு, மும்பையிலுள்ள உண்மையான தாராவியில் நடந்துவரும் ஒரு காரியம் தென்படுவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அங்குள்ள இளைஞர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதுகிறார்கள். தூக்கியெறிந்த டப்பாவிலிருந்து இசைக்கருவி செய்கிறார்கள். சிறுமிகள் செல்போனுக்குச் செயலி எழுதியிருக்கிறார்கள். தனித்தனிச் செய்தியாக வந்துபோன இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு துறை தெரிகிறது.

அந்தத் துறையின் எல்லை தாராவியோடு முடிவதில்லை. கிழக்கே மாட்டுங்கா, அதைத் தாண்டிச் செம்பூர். மும்பைத் தமிழரின் சபாக்களும் சினிமாக் கொட்டகையும் பள்ளிகளும் இருக்கிற நிலம் அது. வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரர்கள் தாராவியில் தோல் பதனிட்டார்கள். அலுவலக வேலைக்கு வந்தவர்கள் மாட்டுங்காவில் குடியேறினார்கள். இரண்டு தமிழுக்கும் இடையில் நடக்கிற தூரம்தான். ஆனாலும் நெடுநாள் அவை பேசிக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகக் கருதுவது, அவை பேசிக்கொண்ட சில தருணங்களைத்தான்.

முதலில் கொட்டகை. கிங்ஸ் சர்க்கிள் அருகே உள்ள அரோரா, பல தலைமுறை மும்பைத் தமிழருக்குத் தமிழ்ப் படம் என்றாலே நினைவுக்கு வரும் ஒற்றைத் திரை அரங்கு. ரஜினி படம் வெளியாகும் நாளில் விடியுமுன் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பக்கமிருந்து ஆட்கள் வந்து நிற்பார்கள். கட்-அவுட்டுக்கு மாலை, பால், மேளம் எல்லாம் உண்டு. 'கபாலி' (2016) வந்தபோது மும்பைப் பத்திரிகைகள் இதைப் பெரிதாகப் படம் போட்டன. இதை வெறும் வெறி என்று எழுதுவது சுலபம். எனக்கு அது முழுமையான பங்கேற்புக் கலையாகவே தெரிகிறது. திரையில் ஓடுவது பாதிப் படம். மீதியை விசில், வசனத்துக்கு முந்திக்கொள்ளும் குரல், இடைவேளையில் ஆடுகிற ஆட்டம் ஆகியவை நிரப்புகின்றன. பார்ப்பவர் கைவைக்காவிட்டால் படைப்பு முடிவதில்லை என்று இன்றைய கலைக்கூடங்கள் கோட்பாடாகச் சொல்வதை, அரோராவின் முன்வரிசை கோட்பாடு இல்லாமலே செய்துவந்தது.

அடுத்து ராப். இந்தப் பகுதியின் பெருங்கதை இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படம் 2009இல் ஆஸ்கர்களை அள்ளியபோது, அந்தப் பெயரில் இருந்த இழிவைத் தாராவிப் பிள்ளைகள் கவனித்தார்கள். அதற்கு எதிர்ப்பெயராக 'ஸ்லம்காட்ஸ்' என்ற நடனக் குழு பிறந்தது. தாராவியின் ஆகாஷ் தங்கர் போன்றவர்கள் பிரேக்கிங் கற்று, கட்டணமின்றிச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த நடனத்துக்குத் தேவை ஒரு வழவழப்பான தரை, ஒரு ஸ்பீக்கர், சுற்றி நிற்க நாலு பேர். தாராவியில் கடைசியதற்குப் பஞ்சமே இல்லை. 2015இல் 'தாராவி டிரீம் புராஜெக்ட்' என்ற பெயரில் ஹிப்-ஹாப் பள்ளியே தொடங்கியது. ஏ.ஆர். ரஹ்மான் இணைநிறுவனராக இருந்த க்யூகி நிறுவனம் அதன் பின்னால் இருந்தது. ராப், பீட்பாக்ஸ், பிரேக்கிங், சுவர் ஓவியம் எல்லாம் இலவசப் பாடம்.

குழுக்களில் தமிழ் வாசகர் முதலில் கேட்க வேண்டியது டோப்அடிலிக்ஸ். இந்தி, மராத்தி, தமிழ், ஆங்கிலம் என்று ஒரே பாட்டுக்குள் மொழி தாவும் குழு. செவன் பண்டாய்ஸும் அப்படியே. இந்தத் தாவலைப் புதுமைக்காகச் செய்த வித்தை என்று சிலர் எழுதினார்கள். அப்படி அல்ல. தண்ணீர்க் குழாயடியில் மராத்தி, பட்டறையில் இந்தி, அம்மாவிடம் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று ஒரு நாளுக்குள் நாலு மொழியில் புழங்குகிறவன் பாட்டில் மட்டும் ஏன் ஒன்றோடு நிற்க வேண்டும்? தெருவில் போகிற பையனைப் போலீஸ் நிறுத்தி விசாரிப்பதை அவர்கள் பாடினால், எந்த மொழியில் மிரட்டல் வருகிறதோ அந்த மொழியிலேயே வரி விழுகிறது.

2018 ஜூன் 7 அன்று 'காலா' வெளியானது. சந்தோஷ் நாராயணன் இசையில் டோப்அடிலிக்ஸ் பாடினார்கள், திரையிலும் தோன்றினார்கள். அதே படத்தில் மலேசியாவின் யோகி பி-யும் பாடியிருக்கிறார். இது சின்ன விஷயமல்ல. தமிழ் ராப் முதலில் வேர்பிடித்தது மலேசியாவில். 2006இல் யோகி பி - நட்சத்ரா வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பைக் கேட்டுத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் பேனா எடுத்தார்கள். தோட்டக்காட்டுக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளும், தோல்பட்டறைக்கு ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே படத்தின் பாட்டுகளில் சந்தித்தார்கள். புலம்பெயர்ந்த உழைப்பாளித் தமிழின் இரண்டு கிளைகள் அப்படிச் சேர்ந்தது பற்றி நம் விமர்சகர்கள் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

அடுத்த ஆண்டு வந்த சோயா அக்தரின் 'கல்லி பாய்' மும்பை ராப்பை நாடெங்கும் கொண்டுபோனது. அந்தப் படத்தின் தொகுப்பில் 'இந்தியா 91' என்றொரு பாட்டு உண்டு. தாராவியின் எம்.சி. அல்தாஃப் உட்படப் பலர் பல மொழிகளில் பாடியது. குஜராத்தியில் பாடிய எம்.சி. தோட்ஃபோட் 2022இல், இருபத்து நான்கே வயதில் காலமானார். பாட்டை அமைத்தவர் மும்பை மிருதங்கக் கலைஞர் விவேக் ராஜகோபாலன். 'ததோம் புராஜெக்ட்' என்ற முயற்சியில் அவர் 'சுதேசி' குழுவின் ராப் பாடகர்களுக்குக் கொன்னக்கோல் (தாளத்தை வாயால் சொல்லும் சொல்கட்டு) கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ராப்பின் ஓர் அடி பெரும்பாலும் நாலு தட்டு. ஒவ்வொன்றிலும் நாலு மாத்திரை, ஆக 16. சாதாரணமாகப் பாடுகிறவன் அழுத்தத்தைத் தட்டின் மேலேயே வைப்பான். இப்போது 'தகிட'வை நாலு முறையும் 'தகதிமி'யை ஒரு முறையும் சொல்லிப் பாருங்கள். மும்மூன்றாகப் பன்னிரண்டு, கடைசியில் நாலு, ஆக அதே 16. ஆனால் அழுத்தம் விழுவது 1, 4, 7, 10, 13ஆம் மாத்திரைகளில். முதலாவதும் கடைசியும் தாளத்தோடு சேர்கின்றன. நடுவிலுள்ள மூன்றும் தட்டை விட்டு விலகி நிற்கின்றன. கேட்பவருக்குத் தடுக்கி விழப்போவது போலத் தோன்றி, விழாமல் நிமிர்கிறது. கர்நாடகக் கச்சேரியில் தனியாவர்த்தனம் கேட்டவர்களுக்கு இந்த இன்பம் புதிதல்ல. அது சபாவின் படியிறங்கி, எந்தக் குருகுலத்திலும் சேர்க்கப்படாத பிள்ளைகளின் வாயில் குஜராத்தியாகவும் மராத்தியாகவும் ஒலித்ததுதான் புதிது. 1952இல் தொடங்கிய ஷண்முகானந்த சபாவுக்கு 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கு உண்டு. செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸுக்குச் சிவஸ்வாமி அரங்கம் உண்டு. தாராவியின் ராப் பிள்ளைகளை அழைத்து, மிருதங்கத்துடன் ஒரு மாலையை முழுதாக அந்த மேடைகள் கொடுக்க வேண்டும். தயவாக அல்ல. லய அறிவில் அவர்கள் அந்த மேடைக்குத் தகுந்தவர்கள்.

இந்தப் பாட்டுக்கு இந்த மண்ணில் மூதாதையும் உண்டு. மாட்டுங்கா லேபர் கேம்பில் தங்கி அரசியல் பழகிய மராத்திப் பாடகர் அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் 1944இல் 'லால் பாவட்டா கலாபதக்' குழுவைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர் நடுவே டஃப் என்ற கைப்பறை அடித்துப் பாடிய பொவாடா என்ற கதைப்பாடல்களிலும் இன்றைய ராப்பிலும் நிற்கிற தோரணை ஒன்றே: நேரே கூட்டத்தைப் பார்த்து, ஊர்ப்பெயர் சொல்லி, யார் என்ன செய்தார் என்று சொல்வது.

கருவிகளுக்கு வருவோம். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் நகரத்துப் பிளாஸ்டிக்கும் தகரமும் தரம் பிரிக்கப்படுகின்றன. கழிவு பொறுக்குவோரிடையே வேலை செய்யும் அகார்ன் அமைப்பு, வினோத் ஷெட்டியின் முனைப்பில், அவர்கள் பிள்ளைகளைக் கொண்டு 'தாராவி ராக்ஸ்' குழுவை அமைத்தது. நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மும் பெயின்ட் டப்பாவும் பாட்டில்களும்தான் அவர்கள் வாத்தியங்கள். ரசாயனம் வந்த பெரிய டிரம்மைக் கவிழ்த்து நடுவில் அடித்தால், உள்ளே அடைபட்ட காற்று முழுவதும் அதிர்ந்து அடிவயிற்றில் இறங்கும் தொனி வரும். விளிம்பில் அடித்தால் தடித்த பிளாஸ்டிக் மட்டும் பேசும். வறண்ட, குறுகிய சத்தம். பெயின்ட் டப்பாவின் தகரம் மெல்லியது, அதனால் கீச்சென்று மேலே நிற்கும். எந்த டப்பா எந்தச் சத்தம் என்று தேடித் தேர்வது காதுக்கான கல்வி. அந்தப் பிள்ளைகள் வீட்டில் கழிவைக் கையால் தொட்டே எந்த ரகம் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அதே அறிவு இங்கே காதுக்கு மாறுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த படைப்பு இதுதான்.

தொழில்நுட்பத்தில் இன்னொரு சம்பவம். ஆவணப்பட இயக்குநர் நவ்னீத் ரஞ்சன் தொடங்கிய 'தாராவி டைரி'யில் சிறுமிகள், கூகுள் தொடங்கி எம்.ஐ.டி. நடத்திவரும் ஆப் இன்வென்டர் கொண்டு செயலிகள் எழுதினார்கள். பெண்களின் பாதுகாப்புக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. தண்ணீர்ச் செயலியின் பெயர் 'பானி'. பொதுக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம் குறைவு, வரிசை நீளம். அந்த வரிசையில் நிற்பவள் பெரும்பாலும் வீட்டுச் சிறுமி. முறை வரும்போது சொல்லிவிடுகிற ஒரு செயலி இருந்தால் அந்த நேரத்தில் அவள் படிக்கலாம். பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களுக்குத் தோன்றாத தேவை இது. வரிசையில் நின்றவளுக்கே தோன்றும். செயலி எத்தனை பேர் கைக்குப் போனது என்பதைவிட, தன் நாளைக் கெடுக்கும் ஒன்றை நிரலாக எழுதிப் பார்க்கலாம் என்று பத்துப் பன்னிரண்டு வயதில் ஒருத்தி கண்டுகொண்டதே எனக்குப் பெரிது.

காட்சிக் கலைக்கு 2015 முக்கியமான ஆண்டு. பெண்கள், குழந்தைகள் உடல்நலத்துக்காக வேலை செய்யும் ஸ்நேஹா அமைப்பு, பிப்ரவரி 15 முதல் மார்ச் 7 வரை தாராவியில் ஒரு பினாலே நடத்தியது. லண்டன் வெல்கம் டிரஸ்டின் உதவியுடன் டேவிட் ஆஸ்ரினும் நய்ரீன் தாருவாலாவும் முன்னின்று நடத்தினார்கள். கொச்சி பினாலே தொடங்கி மூன்று ஆண்டுகூட ஆகாத காலம். கொச்சிக்கு உலகக் கலைஞர்கள் வந்தார்கள். இங்கே படைத்தவர்கள் குடியிருப்பவர்களே. பயிற்சி கொடுக்க மட்டுமே கலைஞர்கள் வந்தார்கள். அதில் 'மேப்பிங் தி ஹர்ட்' என்ற துணிப்படைப்பு: தாராவியின் வரைபடத்தைப் பெண்கள் துணியில் தைத்து, வன்முறை நடந்த இடங்களை அதில் குறித்தார்கள். காவல்நிலையத்தில் எழுதித் தர முடியாததை ஊசியால் ஒரு குறியாகப் போட்டுவிட முடிந்தது. குறி போட்டவளின் பெயர் அதில் இல்லை, இடம் மட்டும் இருந்தது. பார்க்க வருகிற அண்டை வீட்டுக்காரி தன் சந்து எது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பங்கேற்பு என்ற சொல்லுக்கு இதைவிடக் கனமான பொருளை நான் பார்க்கவில்லை.

மறு ஆண்டு, ஹோர்ஹே மான்யெஸ் ரூபியோ, அமாண்டா பினாட்டி என்ற இருவர் 'டிசைன் மியூசியம் தாராவி'யை நடத்தினார்கள். தள்ளிக்கொண்டு போகக்கூடிய சின்ன அருங்காட்சியகம். கும்பார்வாடா குயவர்களின் பானை, துடைப்பம், தையல் வேலை எல்லாம் வடிவமைப்பு என்ற மதிப்போடு வைக்கப்பட்டன. கல்லி கிரிக்கெட் போட்டியும் நடந்தது. யோசனை அருமை. ஆனால் இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் நல்ல முயற்சிகளுக்கு இருக்கிற குறை இது. ஹிமான்ஷு எஸ்., அகுய் தாமி இருவரின் தாராவி ஆர்ட் ரூம் இதற்கு மாற்று. ஆண்டுக்கணக்காகக் குழந்தைகளோடும் பெண்களோடும் உட்கார்ந்து வரைகிறார்கள். பாம்பே அண்டர்கிரவுண்ட் என்ற பெயரில் மடித்துத் தைத்த ஜெராக்ஸ் சிற்றிதழ்களும் செய்கிறார்கள். எந்தச் சிற்றிதழ்க்காரருக்கும் இந்த வேலையின் அருமை புரியும்.

செம்பூரைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறைவாகவே இருக்கிறது. 1948இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ 2017இல் தீப்பிடித்தது. பழைய படங்களின் உடைகளும் அதில் போயின. பிறகு நிலம் கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. திலக் நகரில் சஹ்யாத்ரி கிரீடா மண்டல் விநாயகர் சதுர்த்திக்குக் கோயில்களையும் அரண்மனைகளையும் நிஜம்போலப் பெரிய அளவில் எழுப்புகிறது. சினிமாச் செட்டின் கைவேலை தெருவுக்கு வருவதை அங்கே பார்க்கலாம். 2014 பிப்ரவரியில் செம்பூரிலிருந்து வடாலாவுக்கு நாட்டின் முதல் நவீன மோனோரயில் ஓடியபோது, மக்கள் பிள்ளைகுட்டிகளோடு வெறும் வேடிக்கைக்காக ஏறினார்கள். வேடிக்கை தீர்ந்ததும் பெட்டிகள் காலியாகின.

கடைசியாக, இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற தரை. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் எடுத்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு என்பது திட்டம். நல்ல வீடும் கழிப்பறையும் தாராவி மக்களுக்கு வேண்டும், எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். ஆனால் மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான் ஏற்பாடு. இரும்பு ஏணி வைத்து ஏறுகிற அந்த மேல்தளங்களில்தான் வாடகைக்கு இருப்பவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் வாழ்கிறார்கள். நான் மேலே சொன்ன கலைகள் எல்லாமே கதவைத் திறந்தால் தெரு என்ற அமைப்பில் பிறந்தவை. பட்டறை சந்தில் இருந்ததால் டிரம் கிடைத்தது. நடனத்தைச் சுற்றி நிற்க ஆள் கிடைத்தது. துணி வரைபடத்தில் பக்கத்துச் சந்து இருந்தது. புதிய வரைபடங்களில் கடைகளுக்கும் வண்டிகளுக்கும் தரைத்தளம் ஒதுக்கும்போது, கூடிப் பயில ஒரு திறந்த தரையும் சத்தம் போட அனுமதியும் வேண்டும் என்று தாராவிக் கலைஞர்கள் கேட்க வேண்டும். மாட்டுங்கா சபாக்களும் தமிழ்ச் சங்கங்களும் அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டும். வீடுவீடாக எண் போட்டுக் கணக்கெடுப்பு 2024இலேயே தொடங்கிவிட்டது. இனியும் தள்ளிப்போடாமல் அதைக் கேட்க வேண்டும்.